டிம் லைட் எங்கே விழுகிறது? செடான் கார் லைட்டும் அழகும்: வாசகர் கேள்வி பதில்

காருக்கு லைட் மாற்றுவது, அலாய் போடுவது, ஃபிலிம் ஒட்டுவது பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில். ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

2015 மாடல் டிசையர் வைத்திருக்கிறேன். வாரம் இரண்டு முறை இரவில் திருச்சியிலிருந்து சென்னைக்கு ஓட்ட வேண்டியிருக்கிறது. டிம்மில் ரோடே சரியாகத் தெரியவில்லை. ஒரு கடையில் 100/90 வாட் பல்பு போடச் சொல்கிறார்கள், இன்னொரு கடையில் எல்இடி போடச் சொல்கிறார்கள். எதைப் போடலாம்?
– வாசகர், திருச்சி

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். இருக்கிற லைட் ஏன் மங்கியது என்று பார்த்துவிட்டு, பிறகு கடைக்குப் போங்கள்.

உங்கள் காரில் இருப்பது எச்4 என்ற ஹாலஜன் பல்பு. ஒரே கண்ணாடிக்குள் இரண்டு இழைகள்: பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட். பல்பு நல்ல நிலையில் இருந்து, அதற்கு 13.2 வோல்ட் முழுதாகக் கிடைத்தால் டிம்மில் சுமார் 1,000 லூமன், பிரைட்டில் சுமார் 1,650 லூமன் வெளிச்சம் வரும். அந்த வோல்ட் பல்பு வரைக்கும் போய்ச் சேருகிறதா என்பதுதான் கேள்வி. பத்து வருடம் ஓடிய வண்டியில் பச்சை பூத்த கப்ளர், துருப்பிடித்த பாடி எர்த், தேய்ந்த சுவிட்ச் என்று வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தொலையும். ஹாலஜனில் வோல்ட் சிறிது இறங்கினாலே வெளிச்சம் வெகுவாக இறங்கிவிடும். 5 சதவீதம் வோல்ட் குறைந்தால் வெளிச்சம் சுமார் 16 சதவீதம் குறையும். 13.2 வர வேண்டிய இடத்தில் 12 வோல்ட் வந்தால் கால் பங்குக்கு மேல் வெளிச்சம் போச்சு.

சோதிக்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். இன்ஜினை ஓட விட்டு டிம் லைட்டைப் போடுங்கள். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து பேட்டரி முனைகளில் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பல்பைக் கழற்றாமல், எரிந்துகொண்டிருக்கும்போதே கப்ளரின் பின்பக்கத்தில் முள்ளைச் செருகிப் பாருங்கள். பல்பைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் கரண்ட் ஓடாது, வோல்ட் முழுதாகக் காட்டி ஏமாற்றிவிடும். இரண்டு அளவுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வயரிங்கில்தான் வேலை. பேட்டரி நெகட்டிவுக்கும் பல்பின் எர்த் முனைக்கும் நடுவே தனியாக அளந்தால் குற்றம் எர்த் பக்கமா, பாசிட்டிவ் பக்கமா என்பதும் தெரிந்துவிடும். பெரும்பாலும் எர்த் போல்ட்டைக் கழற்றி, அடியில் இருக்கும் பெயின்ட்டையும் துருவையும் வாட்டர் பேப்பரால் தேய்த்து இறுக்கினாலே பாதிச் சிக்கல் தீரும். கப்ளர் பழுப்பேறியிருந்தால் அதை மாற்றிவிடுங்கள்.

அதற்கும் சரியாகவில்லை என்றால் ரிலே போடலாம். சிறிய கரண்டைக் கொண்டு பெரிய கரண்டை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச் அது. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே. பேட்டரி பாசிட்டிவிலிருந்து 2.5 சதுர மி.மீ. வயர், பேட்டரியை ஒட்டியே ரிலேவுக்கு ஒன்றாக 15 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து ரிலேவின் 30ஆம் முனைக்கு. 87ஆம் முனையிலிருந்து பல்புக்கு. பழைய ஹெட்லைட் கப்ளர் இனி 85, 86 முனைகளுக்குச் சைகை கொடுப்பதோடு சரி. பல்பின் கரண்ட் பழைய சுவிட்ச் வழியாக ஓடாது. 55 வாட் இரண்டும் சேர்ந்தால் சுமார் 9 ஆம்பியர், 60 வாட் இரண்டும் சேர்ந்தால் 10 ஆம்பியர். எனவே 15 ஆம்பியர் ஃபியூஸ் போதும், 30 போடாதீர்கள். வயர் உரசி ஷார்ட் ஆனால் ஃபியூஸுக்கு முன்னால் வயர் எரிந்துவிடக் கூடாது. சில ஜப்பானிய வடிவமைப்புக் கார்களில் ஹெட்லைட்டுக்கு நேரடிப் பாசிட்டிவ் எப்போதும் இருக்கும், சுவிட்ச் நெகட்டிவ் பக்கத்தை இணைத்துத் துண்டிக்கும். ரெடிமேட் ரிலே கிட் வாங்கும் முன் எலக்ட்ரீஷியனிடம் அதைச் சோதிக்கச் சொல்லுங்கள். முறை மாறிப் பொருத்தினால் லைட் எரியாது, அல்லது அணையாது.

இதன் பிறகு பல்பு. உள்கண்ணாடி சாம்பல் பூத்திருந்தால் ஆயுள் முடிந்தது என்று பொருள். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். நல்ல கம்பெனியின் 60/55 வாட் பல்பே போதும். புதுப் பல்பின் கண்ணாடியை வெறும் விரலால் தொடக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பிசுக்கு படிந்த இடம் மட்டும் அதிகமாகச் சூடேறிப் பல்பு சீக்கிரம் போய்விடும். தொட்டுவிட்டால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள்.

கடைசியாக அட்ஜஸ்ட்மென்ட். பலர் இதைச் செய்வதே இல்லை. டயர் காற்று சரியாக, ஓட்டுநர் இருக்கையில் ஆள் உட்கார்ந்தபடி, சமதளத்தில் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். உள்ளே லெவல் திருகு இருந்தால் 0-வில் வையுங்கள். தரையிலிருந்து பல்பின் நடுப்புள்ளி எவ்வளவு உயரம் என்று அளந்து சுவரில் கோடு போடுங்கள். டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்கு 5 செ.மீ. கீழே இருக்க வேண்டும். 1 சதவீதச் சாய்வு என்பது இதுதான். ஹெட்லைட் மேல் 1.0 அல்லது 1.2 சதவீதம் என்று அச்சிட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். நம் ஊரில் இடப்பக்கம் ஓட்டுவதால் வெளிச்சத்தின் இடது கை சற்று மேலேறியும், எதிர்வண்டி வரும் வலப்பக்கம் படுத்தும் இருக்கும். இருக்க வேண்டிய வடிவம் அதுதான்.

100/90 ஏன் வேண்டாம் என்றால், 90 வாட் இரண்டு சேர்ந்தால் 15 ஆம்பியர், 100 வாட் இரண்டு சேர்ந்தால் கிட்டத்தட்ட 17 ஆம்பியர். வயர் சூடாகும், கப்ளர் உருகும், உள்ளே பிளாஸ்டிக் ரிஃப்ளெக்டரின் வெள்ளிப்பூச்சு கருகி உரியும். பூச்சு போனபின் எந்தப் பல்பைப் போட்டாலும் வெளிச்சம் திரும்பாது, முழு ஹெட்லைட்டையே மாற்ற வேண்டி வரும்.

எச்4 எல்இடி பல்பு போட்டேன். எனக்கு வெளிச்சம் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் டிம்மில் போனாலும் எதிரில் வருகிறவர்கள் லைட்டை அடித்துக் காட்டுகிறார்கள். எஃப்.எம். ரேடியோவும் இரைகிறது.
– வாசகர், ஈரோடு

எதிரில் வருகிறவர்கள் சொல்வது நியாயம்தான். ஹாலஜன் எச்4 பல்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். டிம் இழைக்கு அடியில் ஒரு சிறு உலோகக் கிண்ணம் இருக்கும். அந்தக் கிண்ணம் கீழ்நோக்கிப் போகும் வெளிச்சத்தை மறைக்கிறது. அதனால் ரிஃப்ளெக்டரின் மேல்பாதியில் மட்டும் வெளிச்சம் பட்டு, ரோட்டை நோக்கிக் கீழே திரும்புகிறது. அந்த இழை ஐந்தாறு மில்லிமீட்டர் நீளமே உள்ள மெல்லிய கம்பிச்சுருள். ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும் அந்தச் சுருளின் இடத்தையும் பருமனையும் வைத்தே கணக்கிடப்பட்டது.

எல்இடி பல்பில் இரண்டு பக்கமும் சிப், நடுவே தடித்த பலகை. வெளிச்சம் புறப்படும் இடம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளிப்போனாலே ரிஃப்ளெக்டர் அதை வேறெங்கோ அனுப்பிவிடும். மேலே சிதறுவது எதிராளியின் கண்ணுக்குப் போகிறது. வண்டிக்கு அருகில் கொட்டுவது உங்களுக்குப் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் பக்கத்துத் தரை அவ்வளவு வெளுத்தால் கண்மணி சுருங்கிவிடும். 60 மீட்டர் தள்ளி லைட் இல்லாமல் நிற்கும் டிராக்டர் டிரெய்லர் முன்பைவிட மங்கலாகத்தான் தெரியும்.

மூன்று விஷயங்களை இன்றே பாருங்கள். சிப்கள் கடிகாரத்தின் 3 மணி, 9 மணித் திசையில் இருக்கின்றனவா என்பது முதலாவது. மேலும் கீழுமாக இருந்தால் காலரைத் தளர்த்தித் திருப்ப வேண்டும். அடுத்து, பின்னால் இருக்கும் ரப்பர் மூடி. ஃபேன் இடிக்கிறது என்று அதை வெட்டியோ கழற்றியோ விட்டிருந்தால் தூசியும் ஈரமும் உள்ளே புகுந்து ரிஃப்ளெக்டர் பாழாகும். மூன்றாவது, முதல் பதிலில் சொன்ன சுவர்ச் சோதனை. மேல்விளிம்பு கோடு கிழித்தாற்போல் இல்லாமல் மேலே புகைபோலப் பரவியிருந்தால் அட்ஜஸ்ட் செய்து தீராது. அந்த ரிஃப்ளெக்டருக்கு அந்தப் பல்பு பொருந்தவில்லை, கழற்றிவிட வேண்டியதுதான். ரேடியோ இரைச்சல், எல்இடிக்குக் கரண்ட் கொடுக்கும் மலிவான டிரைவர் பெட்டி தரும் குறுக்கீடு. வயரில் ஃபெரைட் வளையம் மாட்டினால் கொஞ்சம் குறையும், முழுதாகப் போவது அரிது.

ஜெர்மனியில் 2020இல் ஆஸ்ரம் கம்பெனியின் எச்7 எல்இடி பல்புக்கு அனுமதி கொடுத்தபோதுகூட, சோதித்துப் பார்த்த குறிப்பிட்ட கார் மாடல்களுக்கு மட்டுமே கொடுத்தார்கள். பல்பு தனியாக நன்றாக இருந்தால் போதாது, அந்த ஹெட்லைட்டோடு சேர்த்துத் தேற வேண்டும். நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கம்பெனி குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

எல்இடிதான் வேண்டும் என்றால், அதே மாடலின் மேல் வேரியன்ட்டில் கம்பெனியே எல்இடி ஹெட்லைட் கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள். கொடுத்திருந்தால் முழு அசெம்பிளியையும் அதற்கான வயரிங்கோடு ஷோரூம் வழியாக மாற்றிக்கொள்வதே முறையான வழி.

எட்டு வருட வண்டி. ஹெட்லைட் கண்ணாடி மஞ்சளாகிவிட்டது. பற்பசை போட்டுத் தேய்த்தால் போகும் என்கிறார்களே?
– வாசகி, மதுரை

போகும், சில வாரத்தில் திரும்பவும் வரும். அது கண்ணாடியே இல்லை, பாலிகார்பனேட் பிளாஸ்டிக். வெயிலின் புறஊதாக் கதிரைத் தடுக்க கம்பெனி மேலே ஒரு பூச்சு கொடுத்திருக்கும். அந்தப் பூச்சு சிதைந்ததுதான் மஞ்சள். பற்பசை அந்தச் சிதைவை மேலாக வழித்தெடுக்கும், ஆனால் புதுக் காப்பைக் கொடுக்காது. மொட்டைப் பிளாஸ்டிக் மதுரை வெயிலில் முன்பைவிட வேகமாக மஞ்சளாகும்.

முறையாகச் செய்ய ஒரு பிற்பகல் போதும். பம்பரும் பானெட் விளிம்பும் கீறாமலிருக்க மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்கு ஒட்டுங்கள். வாட்டர் பேப்பரை 800 நம்பரில் தொடங்குங்கள். மஞ்சள் லேசாக இருந்தால் 1000 போதும். தண்ணீர் ஊற்றிக்கொண்டே தேய்க்க வேண்டும். முதலில் மஞ்சள் தண்ணீர் வழியும். வெள்ளைத் தண்ணீராக மாறும்வரை அந்த நம்பரை விடாதீர்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டால் ஓரங்களில் பழைய பூச்சு திட்டுத்திட்டாக நின்றுவிடும், எல்லாம் முடிந்தபிறகு அது மட்டும் கண்ணை உறுத்தும். பிறகு 1500, 2000, 3000. ஒவ்வொரு நம்பருக்கும் தேய்க்கும் திசையை மாற்றிக்கொண்டால் முந்தைய கீறல் போய்விட்டதா என்பது தெரியும். கடைசியில் பாலிஷிங் காம்பவுண்ட்.

மினுமினுப்பாக வந்ததும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் அசல் வேலை இனிமேல்தான். ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் பிசுக்கில்லாமல் துடைத்து, புறஊதாவைத் தாங்கும் டூ-கே கிளியர் கோட்டை (ஹார்டனர் சேர்ந்த நிறமற்ற பூச்சு) மெல்லியதாக இரண்டு அடுக்கு அடிக்க வேண்டும். அதில் இருக்கும் ஹார்டனர் மூச்சுக்குக் கெடுதல். அதனால் சாதாரணத் துணி முகமூடியோடு வீட்டில் அடிக்காமல், இதை மட்டும் பெயின்டரிடம் கொடுங்கள்.

மஞ்சளோ மூட்டமோ உட்பக்கம் இருந்தால் இதெல்லாம் வீண். விரிசல் அல்லது சீல் விட்ட ஹெட்லைட் அது, மாற்ற வேண்டியதுதான்.

கொடைக்கானல் மலைப்பாதையில் அடிக்கடி போகிறேன். மஞ்சள் ஃபாக் லேம்ப் போட்டால் மூடுபனியை ஊடுருவும் என்பது உண்மையா?
– வாசகர், பெரியகுளம்

ஊடுருவாது. மூடுபனித் துளிகள் ஒளியலையைவிடப் பல மடங்கு பெரியவை. எந்த நிற ஒளியானாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறும். மஞ்சளில் உள்ள நன்மை, திரும்பி வரும் வெளிச்சம் கண்ணை அவ்வளவாகக் கூச வைக்காது என்பதே. ஃபாக் லேம்ப் உதவுவது அது தாழ்வாக இருப்பதாலும், வெளிச்சத்தை அகலமாகவும் தட்டையாகவும் விரிப்பதாலும். பனியில் டிம்மும் ஃபாக் லேம்ப்பும் மட்டும் போடுங்கள். பிரைட் போட்டால் முன்னால் வெள்ளைத் திரை விழுந்துவிடும்.

பல்பு வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. எச்8, எச்11, எச்16 மூன்றும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஆனால் எச்16 19 வாட், எச்8 35 வாட், எச்11 55 வாட். மாறிப் போடக் கூடாது என்றே அடிப்பாகத்தின் காதுகளை வேறு வேறாக வைத்திருக்கிறார்கள். அந்தக் காதை அரத்தால் ராவி 55 வாட்டைத் திணிக்கிற வேலை நடக்கிறது. 19 வாட்டுக்குச் செய்த சின்ன ஃபாக் லேம்ப்பின் பிளாஸ்டிக் அந்தச் சூட்டில் உருகி வளைந்துவிடும்.

பம்பரில் பகலிலும் எரியும் எல்இடி டிஆர்எல் பட்டை ஒட்டிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு இரண்டு நாள் வண்டியை எடுக்காவிட்டால் ஸ்டார்ட் ஆவதில்லை.
– வாசகர், வேலூர்

பட்டையையோ அதன் கன்ட்ரோல் பெட்டியையோ நேராகப் பேட்டரியில் கொடுத்திருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 வாட் பட்டை 1 ஆம்பியர் இழுக்கும். 35 ஆம்பியர்-அவர் பேட்டரி முழு சார்ஜில் இருந்தாலும் ஒன்றரை நாளில் காலி. பட்டை அணைந்தே இருந்தாலும் பெட்டி சிறிது சிறிதாக உறிஞ்சலாம்.

உறுதிசெய்ய, வண்டியைப் பூட்டி அரைமணி நேரம் விட்டுவிட்டு, பேட்டரி நெகட்டிவ் வழியில் ஆம்பியர் மீட்டரைத் தொடராக இணைத்துப் பாருங்கள். வண்டியின் கம்ப்யூட்டர்கள் உறங்கிய பிறகு 50 மில்லிஆம்பியருக்குள் இருக்க வேண்டும். கூடுதலாகக் காட்டினால் பட்டையின் வயரைக் கழற்றி மறுபடி பாருங்கள். மீட்டர் இணைந்திருக்கும்போது கதவைத் திறக்கவோ சாவி போடவோ கூடாது, மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

பாசிட்டிவை ஃபியூஸ் பெட்டியில் சாவி போட்டால் மட்டும் உயிர்பெறும் ஒரு ஃபியூஸிலிருந்து எடுக்க வேண்டும். அதற்கென்று ஃபியூஸ் டேப் என்ற துணைச்செருகி கிடைக்கிறது. பழைய ஃபியூஸ் ஒரு குழியிலும் புதிய இணைப்புக்கான 5 ஆம்பியர் ஃபியூஸ் இன்னொரு குழியிலும் உட்காரும். வைப்பர், 12 வோல்ட் சாக்கெட் போன்றவற்றின் ஃபியூஸைத் தேர்ந்தெடுங்கள். ஏர்பேக், ஏபிஎஸ், இன்ஜின் இசியு ஃபியூஸ்களைத் தொடவே கூடாது. ஒரிஜினல் வயரைப் பிளேடால் சீவி முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தால் அதை அவிழ்த்து, சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் போடச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் பம்பருக்குப் பின்னால் அந்த டேப் நிற்காது.

நிறத்தையும் பாருங்கள். முன்பக்கம் சிவப்பு வெளிச்சம் காட்டுவதை மத்திய மோட்டார் வாகன விதிகளின் 108ஆம் விதி தடுக்கிறது.

இண்டிகேட்டருக்கு எல்இடி போட்டதும் படபடவென்று வேகமாக அடிக்கிறது.
– வாசகர், காஞ்சிபுரம்

21 வாட் பல்பு இழுத்த கரண்ட் இப்போது இல்லாததால், பல்பு ஃபியூஸாகிவிட்டது என்று வண்டி நினைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு பல்புக்கும் குறுக்கே 6 ஓம், 50 வாட் ரெசிஸ்டர் போட்டால் சரியாகும். ஆனால் அது கைவைக்க முடியாத அளவு கொதிக்கும். இரும்புத் தகட்டில் திருகியே பொருத்த வேண்டும், பிளாஸ்டிக்கிலோ வயர்க்கட்டிலோ ஒட்டவிடக் கூடாது. மிச்சப்படுத்திய கரண்டை ரெசிஸ்டரில் சூடாக்கி வீணாக்குவதற்குப் பழைய பல்பையே திருப்பிப் போட்டுவிடலாம் என்பது எங்கள் கருத்து. வெள்ளைக் கண்ணாடி இண்டிகேட்டர் என்றால் ஆரஞ்சு பூசிய பல்பா என்று பார்த்து வாங்குங்கள். பூச்சு உதிர்ந்தால் இண்டிகேட்டர் வெள்ளையாக மின்னும்.

டெயில் லைட்டில் கறுப்பு ஸ்மோக் ஃபிலிம் ஒட்டினால் என் வெள்ளைக் காருக்கு எடுப்பாக இருக்குமா?
– வாசகர், கோவை

ஒட்டாதீர்கள். பின்னால் வருகிறவருக்குப் பிரேக் லைட் தெரிவது தாமதமாகும், பகல் வெயிலில் தெரியாமலே போகலாம். உள்ளிருக்கும் சிவப்பு ரிஃப்ளெக்டரும் மங்கிவிடும். இரவில் வண்டி பழுதாகி ஓரம் நிற்கும்போது உங்களைக் காட்டிக்கொடுப்பது அது ஒன்றுதான்.

சன் ஃபிலிம் இப்போது அனுமதியா, இல்லையா? கடையில் 50 சதவீத ஃபிலிம் சட்டப்படி சரி என்கிறார்கள்.
– வாசகி, சேலம்

மத்திய மோட்டார் வாகன விதிகளின் 100ஆம் விதிப்படி முன், பின் கண்ணாடிகள் குறைந்தது 70 சதவீதமும், பக்கக் கண்ணாடிகள் குறைந்தது 50 சதவீதமும் ஒளியை விட வேண்டும். 2012இல் உச்ச நீதிமன்றம், எந்த அளவானாலும் கண்ணாடிமேல் ஃபிலிம் ஒட்டவே கூடாது என்றது. பிறகு விதியில் வந்த திருத்தத்தைச் சுட்டி, 70-50 அளவுக்குள் இருக்கும் ஃபிலிமுக்கு அபராதம் போட முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. அது கேரளத் தீர்ப்பு. சேலத்தில் உங்களை நிறுத்துபவர் 2012 தீர்ப்பைச் சொன்னால் ரோட்டோரத்தில் வாதாட வேண்டியிருக்கும்.

கடைக்காரர் சொல்வதில் கணக்கும் தவறு. கம்பெனிக் கண்ணாடியே முழு ஒளியையும் விடுவதில்லை. லேசான பச்சைக் கண்ணாடி 78 சதவீதம் விடுகிறது என்று வைத்துக்கொண்டால், அதன்மேல் 50 சதவீத ஃபிலிம் ஒட்டியதும் மிஞ்சுவது 39 சதவீதம். மீட்டர் வைத்தால் தோற்றுவிடும். 70 சதவீத ஃபிலிம் ஒட்டினால் சுமார் 55 வரும், பக்கக் கண்ணாடிக்கு நூலிழையில் தேறும். முன்கண்ணாடிக்கு அதுவும் தேறாது. சூடு குறைய வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் கறுமையைப் பார்க்காதீர்கள். அகச்சிவப்பை எவ்வளவு தடுக்கிறது என்ற அளவைக் கேளுங்கள். நிறமே தெரியாத ஃபிலிம்களிலும் அது நன்றாக இருக்கும்.

2018 டிசையர் விஎக்ஸ்ஐ, 14 இன்ச் இரும்பு வீல். 17 இன்ச் அலாயில் 205/45 டயர் போட்டால் அழகாக இருக்கும் என்கிறார்கள். ஸ்பீடோமீட்டர் மாறாது என்றும் உறுதி தருகிறார்கள்.
– வாசகர், திருநெல்வேலி

ஸ்பீடோமீட்டர் பற்றி அவர்கள் சொல்வது சரி. உங்கள் 165/80 ஆர்14 டயரின் மொத்த விட்டம் சுமார் 620 மி.மீ., 205/45 ஆர்17 சுமார் 616 மி.மீ. வித்தியாசம் 1 சதவீதம்கூட இல்லை. 3 சதவீதத்துக்குள் இருந்தால் ஸ்பீடோமீட்டரும் ஏபிஎஸ்ஸும் குழம்பாது.

ஆனால் டயரின் பக்கச்சுவரைப் பாருங்கள். இப்போது 132 மி.மீ. ரப்பர் இருக்கிறது, 205/45-இல் 92 மி.மீ.தான் இருக்கும். பாலத்து இணைப்பிலும் பள்ளத்திலும் விழும் அடியைத் தாங்கும் மெத்தையில் 4 செ.மீ. போய்விட்டது. அலாய் விளிம்பு நெளிவதும், டயர்ப் பக்கவாட்டில் முட்டைபோலப் புடைப்பதும் இதனால்தான். அந்தப் புடைப்பு உள்நூல் அறுந்ததன் அடையாளம். பஞ்சர் கடையில் சரிசெய்ய முடியாது, டயரையே மாற்ற வேண்டும். இன்னொன்றைக் கடையில் சொல்லவே மாட்டார்கள். டயரின் சுமை எண் உங்களுக்கு இப்போது 85, அதாவது ஒரு டயருக்கு 515 கிலோ. 205/45 ஆர்17-இல் 84 எண் டயர்கள் வருகின்றன, அவை 500 கிலோதான் தாங்கும். பார்க்கப் பெரிய வீல், தாங்குவதோ குறைவு.

உங்கள் மாடலின் மேல் வேரியன்ட்டான இசட்எக்ஸ்ஐக்குக் கம்பெனியே கொடுத்த அளவு 185/65 ஆர்15. விட்டம் 621.5 மி.மீ., பக்கச்சுவர் 120 மி.மீ., சுமை எண் 88. அழகும் வரும், சட்டச் சிக்கலும் இல்லை, பழைய 14 இன்ச் ஸ்டெப்னியும் கிட்டத்தட்ட அதே விட்டம் என்பதால் அவசரத்துக்கு ஓடும்.

சென்னை ஜி.பி. ரோட்டில் வாங்கினாலும் உள்ளூரில் வாங்கினாலும் கடையில் டிசைனைப் பார்ப்பதற்கு முன் வீலைக் கவிழ்த்து உட்பக்கம் பாருங்கள். போல்ட் வட்டம் 4x100 (100 மி.மீ. வட்டத்தில் நான்கு போல்ட்) என்றிருக்க வேண்டும். ஈடி என்ற எழுத்துகளோடு இருக்கும் எண் ஆஃப்செட், அதாவது வீலின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் பொருந்தும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்ற அளவு. பழைய வீலில் உள்ளதோடு ஒப்பிட்டு 5 மி.மீ.க்குள் இருக்கட்டும். அது 10 குறைந்தால் வீல் 10 மி.மீ. வெளியே தள்ளும், சேறு கதவெல்லாம் அடிக்கும், பேரிங்குக்கும் சுமை கூடும். நடுத்துளை பெரும்பாலான வெளிச்சந்தை அலாய்களில் 73.1 மி.மீ. இருக்கும், உங்கள் ஹப் 54.1. இடைவெளியை நிரப்ப 73.1-54.1 அளவு ஹப் ரிங் நான்கு கேட்டு வாங்குங்கள். அது இல்லாவிட்டால் வீல் நட்டுகளின் பிடியில் மட்டும் நடுவில் உட்கார வேண்டும். கொஞ்சம் விலகினாலும் 80 கி.மீ. வேகத்தில் ஸ்டீரிங் உதறும், எத்தனை தடவை பேலன்சிங் செய்தாலும் நிற்காது. ஜேடபிள்யூஎல் என்ற ஜப்பானியத் தர முத்திரை வார்ப்பிலேயே இருக்கிறதா, ஸ்டிக்கராக ஒட்டியதா என்றும் பாருங்கள்.

நட்டு விஷயத்தில் ஏமாறாதீர்கள். மாருதிக்கு எம்12, 1.25 மரை (12 மி.மீ. போல்ட், மரை இடைவெளி 1.25 மி.மீ.). ஹோண்டா, ஹூண்டாய், டொயோட்டாவுக்கு எம்12, 1.5. கடையில் கைக்குக் கிடைத்த 1.5 நட்டை ஏர் கன்னால் ஏற்றினால் முதல் இரண்டு சுற்றிலேயே மரை போய்விடும். முதலில் கையால் சுற்றச் சொல்லுங்கள், தடையில்லாமல் ஓட வேண்டும். குறுக்கும் நெடுக்குமாக, கையேட்டில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கி, 100 கி.மீ. ஓடியதும் மறுபடி சோதிக்க வேண்டும்.

ஆறு ஏர்பேக் உள்ள புது செடான். லெதர் சீட் கவர் போடலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

முன் இருக்கையின் வெளிப்பக்கத் தையலில் ஏர்பேக் என்ற சின்னத் துணிச்சீட்டு தெரியும். பக்க ஏர்பேக் அந்தத் தையலைப் பிளந்துகொண்டுதான் வெளியே வரும். கவர் அந்த இடத்தை முழுதாக மூடினால் அது விரிவது தாமதமாகும், அல்லது தவறான பக்கம் விரியும். அந்தப் பகுதி திறந்தே இருக்கும்படியோ, எளிதில் பிரியும் தனி நூலால் தைத்ததாகவோ உள்ள கவரை மட்டும் வாங்குங்கள். இருக்கைக்கு அடியில் இருக்கும் மஞ்சள் வயரை யாரும் கழற்ற விடாதீர்கள்.

டிக்கியிலும் கதவு ஓரத்திலும் குரோம் பட்டை ஒட்டியிருந்தேன். ஒன்று கழன்று விழுந்தது, அடியில் துரு. கடலோரம் என்பதாலா?
– வாசகர், தூத்துக்குடி

உப்புக்காற்றுக்குப் பங்கு உண்டு, ஆனால் ஒட்டிய விதமும் காரணம். பட்டையின் ஓரத்தில் மட்டும் டேப் இருந்து நடுவில் பொந்தாக இருந்தால், கழுவும் தண்ணீரும் உப்புத்தூசியும் உள்ளே புகுந்து வெளியே வர வழியில்லாமல் தங்கிவிடும். வண்டி அசையும்போதெல்லாம் பட்டை அந்த மணலை வைத்துப் பெயின்ட்டைத் தேய்க்கும். தகடு தெரிந்ததும் துரு பிடிக்கும்.

மீதிப் பட்டைகளையும் கழற்றிப் பார்த்துவிடுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்ப வேண்டாம். ஹேர் டிரையரால் சூடுகாட்டி, மீன்பிடி நரம்பைப் பட்டைக்குப் பின்னால் விட்டு ரம்பம்போல இழுத்தால் டேப் அறுபடும். ஒட்டியிருக்கும் பிசினைக் கட்டைவிரலால் உருட்டியே எடுத்துவிடலாம், மிச்சத்துக்குக் கொஞ்சம் மண்ணெண்ணெய் போதும், பிறகு ஷாம்பூ போட்டுக் கழுவிவிடுங்கள். துருவை வெள்ளைத் தகடு தெரியும்வரை தேய்த்து, எபாக்சி பிரைமர், பெயின்ட், கிளியர் என்று முறையாகப் போட்ட பிறகே அடுத்த வேலை.

திரும்பவும் ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால் பட்டையின் முழு நீளத்துக்கும் அக்ரிலிக் ஃபோம் டேப் இருக்க வேண்டும். ஒட்டும் இடத்தை ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்ததும் வைத்து, ஒவ்வொரு அங்குலத்தையும் கட்டைவிரலால் அழுத்துங்கள். அந்த டேப் முழுப் பிடிப்புக்கு வர 72 மணி நேரம் ஆகும், அதுவரை வண்டியைக் கழுவக் கூடாது. நம்பர் பிளேட்டுக்கு மேலே டிக்கி விளிம்பில் வரும் பட்டையை மட்டும் விட்டுவிடுங்கள். தண்ணீர் வடிய வேண்டிய வழி அது. அங்கே அடைத்தால் எவ்வளவு நன்றாக ஒட்டினாலும் ஈரம் தங்கும்.